குதிரை டப்பா

காலி செய்கிற வீட்டில் சண்டை எதில் பிடிக்கும் என்று எவனாலும் சொல்ல முடியாது. அம்மாவின் பீரோ, ஃபிரிட்ஜ், மிக்சி எல்லாம் காலையிலேயே பங்காகிவிட்டன. ஒரு முணுமுணுப்பு கிடையாது. பீரோவை அண்ணன் எடுத்துக்கொண்டான், ஃபிரிட்ஜைத் தங்கச்சி எடுத்துக்கொண்டாள், கட்டிலை இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். இதே போக்கில் வேலையை முடித்து, சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, இனி ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் நிம்மதியாக இருந்திருக்கலாம். கெடுத்தது ஒரு பிஸ்கட் டப்பா.

"இதை யாரு குப்பையில போட்டது?"

அண்ணன் கறுப்புக் குப்பைப் பைக்குள் முழங்கை வரை கையை விட்டு அதை வெளியே எடுத்திருந்தான். மூடியில் ஒரு காலத்தில் குதிரைப் படம் இருந்தது. தேய்ந்து தேய்ந்து இப்போது நாலு காலும் வாலும்தான் மிச்சம்.

"நான்தான் போட்டேன். எடுத்த இடத்துலயே போடு," என்றாள் தங்கச்சி.

அவளை வீட்டில் கடுகு என்பார்கள். பிறந்தபோது அத்தனூண்டு இருந்தாளாம். பேச்சு வந்த பிறகு பொரிய ஆரம்பித்ததில் பெயர் நிலைத்துவிட்டது. ஐம்பதை நெருங்கிவிட்டாள், பெயர் போகவில்லை. டிரை கிளீனிங் கடையில் துணி வாங்கி வைக்கிற வேலை அவளுக்கு. வாடிக்கையாளர் கொண்டுவருகிற கோட்டை அவர் கண் முன்னாலேயே விரித்து, இங்கே கறை, இங்கே ஓட்டை, இங்கே பட்டன் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழி கடை மேல் வரும். அதையே செய்து செய்து மனுஷர்களையும் அப்படித்தான் விரித்துப் பார்ப்பாள். அண்ணனை விரித்தால் கறைதான் அதிகம்.

"அம்மாவோட டப்பாடி இது."

"அம்மாவோடதுன்னு இப்பதான் தெரிஞ்சுதா? ரெண்டு வருஷமா அம்மாவும் இங்கதான் இருந்தா, டப்பாவும் இங்கதான் இருந்துச்சு. நீதான் இல்ல."

"வந்துட்டுதானே போனேன்."

"வந்தே. விருந்தாளி மாதிரி வந்து, கால் மேல கால் போட்டுக் காப்பி குடிச்சுட்டுப் போனே."

சமையலறையில் தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆரம்பிச்சாச்சா," என்று தட்டுக்குத்தான் சொன்னாள். அண்ணிக்கு அது ஒரு வித்தை. யாரையும் பார்த்துப் பேசமாட்டாள். ஆனால் போய்ச் சேர வேண்டியவர் காதில் போய்ச் சேரும்.

உண்மையில் ஆரம்பித்தது அண்ணன்தான். காலையில் செருப்பைக் கழற்றியதும் அவன் கண்ணில் பட்டது அம்மாவின் கட்டிலைச் சுற்றி இருந்த தரை. கட்டிலின் இடது பக்கம் முழுக்க மெல்லிய கீறல்கள், பூனை பிராண்டியதுபோல. "என்னடி பண்ணி வெச்சிருக்கே, வீட்டுக்காரன் குதிக்கப்போறான்," என்றான். அம்மா இருந்த அறை, அம்மா படுத்த இடம், அதில் அவனுக்குத் தெரிந்தது கீறல். அப்போதே கடுகுக்கு உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டது.

அந்த டப்பாவுக்குள் இருந்தவை பட்டன்கள். தங்கமில்லை, வெள்ளியில்லை, சட்டைப் பட்டன். இந்த வீட்டில் ஒரு துணி நைந்துபோனால் அம்மா முதலில் கத்திரியை எடுப்பாள். பட்டன்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்த பிறகுதான் துணியை நாலாகக் கிழித்துத் தரை துடைக்கப் போடுவாள். பட்டனோடு துடைத்தால் தரையில் கோடு விழும் என்பது அவள் சட்டம். வெட்டிய பட்டன்கள் குதிரை டப்பாவுக்குள் போகும்.

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் டப்பாவைப் படுக்கையில் கவிழ்ப்பாள். ஒரு பட்டனை எடுத்து, "இது யாரு சட்டை?" என்று கேட்பாள். நிறம் சொன்னால் போதாது. அந்தச் சட்டைக்கு என்ன ஆயிற்று என்று கதை சொல்ல வேண்டும். சொன்னவருக்கு அந்தப் பட்டன். ஆனால் மறுநாள் சாயங்காலம் வரைதான். அதற்குள் டப்பாவுக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு பட்டனைக் கைக்குள் மூடிவைத்துக்கொண்டு தூங்குவதில் என்ன பெருமை என்று வெளியாளுக்குச் சொன்னால் சிரிப்பான். அண்ணனும் தங்கச்சியும் அதற்காகத் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உருண்டிருக்கிறார்கள்.

"உனக்கு வேண்டாம்னா நான் எடுத்துட்டுப் போறேன்," என்றான் அண்ணன்.

"உனக்கும் கிடையாது. அது குப்பைக்குத்தான் போகும்."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா."

ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் மானம் போகும். அம்மாவுக்கு ஞாபகம் போக ஆரம்பித்ததும் கடுகு தன் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து தங்கினாள். சோறூட்டினாள், குளிப்பாட்டினாள், ஈரமான விரிப்புகளை மாற்றினாள். அம்மா அவளை நர்ஸம்மா என்று கூப்பிட்டாள். "நர்ஸம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பாள். பெற்ற மகளுக்கு அந்த மரியாதை எப்படி எரியும் என்பது பட்டவருக்குத்தான் தெரியும். ஆனால் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டால் அதே அம்மா ஒரு பட்டனைத் தடவிப் பார்த்து, "இது பெரியவன் சட்டை. சைக்கிள்ல இருந்து விழுந்தான்," என்பாள். அடுத்ததும் பெரியவன். அதற்கடுத்தது அப்பா. மறுபடி பெரியவன். ஒருநாள் அம்மா அசந்து தூங்கியபோது கடுகு டப்பா முழுவதையும் கொட்டி, கடையில் கோட்டைப் பார்ப்பதுபோல ஒன்று விடாமல் பார்த்தாள். அவள் கவுனில் இருந்த பூப்போட்ட பட்டன் ஒன்று, ஒரே ஒன்று கிடைத்தால் போதும், அம்மா கையில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று தேடினாள். ஒன்றுகூட இல்லை. அன்றைக்கே அந்த டப்பாவை அவள் வெறுத்துவிட்டாள். இருக்கிறதெல்லாம் அவனுடையது, அதையும் தூக்கி அவன் கையிலேயே கொடுக்க வேண்டுமா.

"சரி," என்று அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "ஆட்டமே ஆடிடுவோம். யாரு நிறைய சொல்றாங்களோ அவங்களுக்கு டப்பா. அப்புறம் குப்பையில போடு, தலையில கவுத்துக்கோ, நான் கேக்கல."

"உக்காரு," என்றாள் கடுகு.

அவன் மாட்டிக்கொண்டான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். நாளெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவருக்குப் பிரேக் போட்டே பழகிய கால். பொய் சொன்னாலும் பயந்தாலும் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அது அவனுக்கே தெரியாது. கடுகுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், இரண்டு வருஷம் அம்மா வாயால் எல்லாப் பட்டன் கதையும் கேட்டவள் அவள்.

டப்பாவைக் கவிழ்த்தார்கள். காலியான கூடத்தில் பட்டன்கள் சிதறிய சத்தம் பெரிதாகக் கேட்டது. அண்ணன் ஒரு வெள்ளைப் பட்டனை எடுத்தான்.

"என் ஸ்கூல் சட்டை."

"ஸ்கூல் சட்டைதான். கதை?"

"கிழிஞ்சுது. அவ்வளவுதான்."

"காம்பவுண்டு சுவர் ஏறிக் குதிச்சே, முதுகு ரெண்டாச்சு. கடுகு பிடிச்சு இழுத்துட்டான்னு அம்மாகிட்ட சொன்னே. அடி எனக்கு." பட்டனை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

அடுத்தது நீலம். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "உன் முதல் இன்டர்வியூ சட்டை. நான்தான் இஸ்திரி போட்டேன். காலர் லேசா கருகிடுச்சு. வந்த சொந்தக்காரங்க முன்னாடி என்னைக் கையாலாகாதவள்னே. வேலை கிடைக்காம போனதுக்கும் நான்தான் காரணம்னே."

"அதை இன்னுமா வெச்சுக்கிட்டிருக்கே?"

"நான் எங்க வெச்சுக்கிட்டேன், டப்பாதான் வெச்சுக்கிட்டிருக்கு."

பித்தளைப் பட்டன் ஒன்றில் அண்ணன் ஜெயித்தான். அப்பாவின் வாட்ச்மேன் உடுப்பில் இருந்தது. அது கழன்று விழுந்த அன்று வீடே கட்டிலுக்கடியில் தவழ்ந்ததை அவன் அழகாகத்தான் சொன்னான். சாம்பல் நிறப் பட்டனிலும் அதே தெம்பில் ஆரம்பித்தான். "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப போட்டிருந்தேன். ராத்திரி பகலா பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

கடுகு அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். கட்டை விரல் வெளுக்கிற அளவுக்குத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"நீ வந்து சேந்தப்ப அப்பாவுக்குப் பேச்சே போயிடுச்சு," என்றாள். சாம்பல் பட்டனும் அவள் பக்கம் போயிற்று.

இப்படியே போயிற்று. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு குத்து. அவளுடைய குவியல் ஏறிக்கொண்டே போக, அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் பிள்ளைப் பிராயம் முழுவதும் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அவனுக்குப் பாதி நினைவில்லை. ஜெயிக்க ஜெயிக்க அவளுக்குக் கசந்தது. என்ன ஜெயித்தாள்? அவன் விழுந்தது, அவன் கிழித்தது, அவனுக்குத் தைத்தது. அவளுக்கு என்று சொல்லிக்கொள்ள அதில் ஒரு நூல்கூட இல்லை.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "எல்லாம் இவரோடதுதானா? பொண்ணுது ஒண்ணையும் காணோமே," என்றாள், சுவரைப் பார்த்து.

"இல்ல அண்ணி," என்றாள் கடுகு. குரல் உடைந்துவிட்டது, உடைந்ததில் ஆத்திரம் இன்னும் ஏறியது. "ஒண்ணும் இல்ல. அம்மா என்னோடதை எடுத்து வைக்கல. வெச்சிருந்தா ஒருநாளாவது தடவிப் பாத்து, இது எம்பொண்ணுன்னு சொல்லியிருப்பா. மூத்திரம் அள்ளினவ நான். அவ வாயில வந்தது இவன் பேரு. இப்ப டப்பாவும் இவனுக்கு வேணுமாம். வாரிக்கட்டிக்கிட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டாள். அண்ணி மெதுவாகச் சமையலறைக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கும் சில சமயம் புத்தி வேலை செய்யும்.

அண்ணன் ஆறுதல் சொல்லவில்லை, எரிந்து விழுந்தான்.

"எப்படிடி இருக்கும்? உன் துணியில கத்திரி வெச்சாத்தானே பட்டன் வரும்?"

"என்ன?"

"உன் கவுன் எதையாவது அம்மா கிழிச்சு நீ பாத்திருக்கியா? ஒண்ணாவது இந்த வீட்டுல தரை துடைச்சிருக்கா? அளவு சின்னதாப் போச்சுன்னா துவைச்சு, இஸ்திரி போட்டு, முழுசா மடிச்சு வைப்பா. அனாதைப் பிள்ளைங்க விடுதி இருந்துச்சே, அங்க கொடுத்துட்டு கேட்டுக்கு வெளிய நிப்பா. பையைத் தூக்கிட்டுப் போனவன் நான். அங்க ஏதாவது ஒரு பொண்ணு உன் கவுனைப் போட்டுக்கிட்டு ஓடினா, பாத்துக்கிட்டே நிப்பா. எனக்குக் கால் வலிக்கும், கிளம்பமாட்டா. பொம்பளப் பிள்ளை துணியில கத்திரி வைக்க மனசு வரலைடான்னு சொன்னா."

கடுகு அவன் காலைப் பார்த்தாள். அசையவில்லை. செருப்பில்லாத அந்தப் பாதம் சும்மா தரையில் கிடந்தது.

"என் சட்டையை மட்டும் மனசு வந்து கிழிப்பா," என்றான் அவன். "மஞ்சள் சட்டை ஒண்ணு, ரெண்டு பாக்கெட்டு வெச்சது, ஞாபகம் இருக்கா? கையில ஒரு கிழிசல், அவ்வளவுதான். தெச்சிருக்கலாம். நான் வேண்டாம்மா வேண்டாம்மான்னு காலைப் பிடிச்சு அழுதேன். திரும்பிக்கூடப் பாக்கல. பர்ருன்னு கிழிச்சா. சாயங்காலம் அதாலயே வாசலைத் துடைச்சா. உன்னை முழுசா அனுப்பினா, நான் இந்த வீட்டுத் தரைத்துணி. எனக்குப் பட்டன் மிஞ்சிச்சுன்னு நீ பொறாமைப்படுறே."

சொல்லிக்கொண்டே அவன் குவியல்களைக் கலைத்துத் தேட ஆரம்பித்தான். மஞ்சள் சட்டைக்கு மஞ்சள் பட்டன் இருந்திருக்கும் என்று நினைத்துவிட்டான், முட்டாள். அந்தச் சட்டையில் இருந்தது பழுப்பு நிற மரப்பட்டன். அவன் விரல் அதைத் தள்ளிவிட்டு இரண்டு முறை கடந்து போயிற்று. கடுகு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பட்டனை அவளுக்கு நன்றாகத் தெரியும். அம்மா அதை எடுக்கும்போதெல்லாம் சொன்னது ஒரே பேச்சுதான். அது அண்ணனுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் அவன் முகம் மாறும். அவள் சொல்லவில்லை. இத்தனை வருஷம் வாங்கிய அடிக்கும் பேச்சுக்கும் இதையாவது தன் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"இல்ல," என்று அவன் எழுந்தான். "அதுகூட இல்ல. நீதானே ஜெயிச்சே, நீயே வெச்சுக்கோ. இல்ல சாக்கடையில கொட்டு." ஒரு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கினான். அண்ணி மிச்சத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

கடுகு பட்டன்களை அள்ளி டப்பாவில் போட்டு மூடினாள். அம்மா இவளுடையதை எல்லாம் முழுசாக அனுப்பிவிட்டாள். அதனாலேயே கடைசியில் தடவிப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. கைக்கு எட்டியதைத்தான் அந்த அம்மாவால் நினைக்க முடிந்தது. மனசு வராமல் போனதற்கு இப்படி ஒரு தண்டனை இருக்கும் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? யார் மேல் கோபப்படுவது என்று கடுகுக்குப் புரியவில்லை. கோபம் மட்டும் போக இடமில்லாமல் நின்றது.

வேலை ஒன்று பாக்கி இருந்தது. குளியலறை வாளியில் கிடந்த துணியைப் பிழிந்து எடுத்துவந்து அம்மாவின் அறையைத் துடைக்க உட்கார்ந்தாள். கட்டிலின் இடது பக்கம் துடைக்கும்போது கர் என்று ஒரு சத்தம் கேட்டது. துணியைத் திருப்பிப் பார்த்தாள், ஒரு பச்சைப் பட்டன்.

வேலைக்குப் போட்டுக்கொள்ளக் கடையில் கொடுத்த பச்சைக் கோட்டு, அவளுடையது. அம்மா விரிப்பை நனைத்துக்கொண்டு குளிரில் நடுங்கிய ஒரு நாள், கடுகு கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கிழித்திருக்கிறாள். பட்டன் வெட்ட நேரம் ஏது? அதன் பிறகு எத்தனையோ தடவை இதே துணி, இதே இடம். தரையில் இருந்த கோடுகள் அத்தனையும் அவள் போட்டவை. அம்மா இருந்திருந்தால், நினைவும் இருந்திருந்தால், தலையில் குட்டியிருப்பாள்.

கத்திரி பெட்டிக்குள் போய்விட்டது. கடுகு பல்லால் நூலைக் கடித்து அந்தப் பச்சைப் பட்டனைப் பிய்த்தாள். முந்தானையில் துடைத்தாள். குதிரை டப்பாவைத் திறந்து உள்ளே போட்டாள். பிறகு டப்பாவைக் குலுக்கி, தேடி, இன்னொரு பட்டனை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். கீழே அண்ணன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான்.

சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். அவர் கீறலைப் பற்றி ஆரம்பித்தார். "துடைச்சதால வந்தது," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வந்தது டிரைவிங் ஸ்கூல் கார். பின் சீட்டில் அண்ணியும் பெட்டிகளும். முன்னால் காலியாக இருந்தது சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் சீட்டு, காலடியில் இன்னொரு பிரேக்கோடு. கடுகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். தெருமுனை திரும்புவதற்குள் அவள் காலை ஊன்றி அழுத்தினாள். கார் குலுங்கி நின்றது. பின்னால் தட்டுகள் சரிந்தன.

"காலை எடு," என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கையை நீட்டு."

நீட்டினான். பழுப்புப் பட்டன்.

"இது யாரு சட்டை?" என்று கேட்டாள். அவன் முழித்தான். "உன் மஞ்சள் சட்டை. அம்மா இதை எடுக்கறப்பல்லாம் பெரியவன் அழுதான், பாவம்னு சொல்லுவா. திரும்பிப் பாத்தா கிழிக்க முடியாது, அதான் பாக்கலைன்னு சொல்லுவா. சாகறதுக்கு முந்தின வாரம்கூடச் சொன்னா."

அவன் தெருவைப் பார்த்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை இறங்கி மடியில் விழுந்தது. பட்டன் இருந்த கை மட்டும் மூடியபடியே இருந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள், அண்ணி ஏதோ சொன்னாள், அவன் அசையவில்லை.

"உனக்குன்னு கொடுத்துடல," என்றாள் கடுகு, அவனைப் பார்க்காமல். "ஆட்டத்துல ஜெயிச்சது நான். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள டப்பாவுக்குத் திரும்பி வந்தாகணும். நீயே கொண்டு வந்து கொடு. யார்கிட்டயும் கொடுத்து அனுப்பாதே."

அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.